காசியில் விட்ட காபியும் மாப்பிள்ளை கொண்டுவந்த டப்பாவும்

“நீங்களும் ஒரு மாசம் சாப்பிட்டுப் பாருங்க டாக்டர். ராத்திரி ட்யூட்டிக்கு ரொம்ப நல்லது.”

குரோம்பேட்டையில், மகளின் எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போன இடத்தில், மகப்பேறு டாக்டருக்கே மருந்து சொன்ன மனிதர் என் வீட்டுக்காரர் சதாசிவம். மடியில் துணிப்பை. பைக்குள் ஒரு டப்பா. கேட்டால் காட்டலாம் என்று வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். “என்ன பொடி சார் அது?”

“மூலிகை டாக்டர். பிரேசில் காட்டு மூலிகை. மாப்பிள்ளை கொண்டுவந்தது. பேரு குவாரானா.”

டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகள் சுபா, டாக்டரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த அறையில் அடுத்து என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், “வாராவாரம் சாரை இப்படிக் கேலி செய்கிறீர்களே, பாவமாக இல்லையா?” என்று கேட்டிருந்தார். நான் ஆயுசில் பாதியை மூன்றாம் வகுப்பு டீச்சராகக் கழித்தவள். யாரைப் பார்த்தாலும், மூன்றாம் வகுப்பில் இவர் எந்த பெஞ்சில் இருந்திருப்பார் என்றுதான் யோசனை போகும். என் வீட்டுக்காரர் முதல் பெஞ்ச். கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்குகிற பையன். அந்தப் பையனைக் கேலி செய்யாமல் வகுப்பு நடத்த முடியாது அம்மா.

பாகற்காய்க்காரர்கள்

காசிக்குப் போனால் பிடித்தது ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். உண்மையில் அதைச் செய்வது கயாவில், ஆலமரத்தடியில். இருந்தாலும் பெயர் காசிக்குத்தான்.

குரோம்பேட்டை பக்கத்து அஸ்தினாபுரத்திலிருந்து நாங்கள் ஒரு கூட்டமாகப் போயிருந்தோம். ஒரு காய், ஒரு பழம் விட வேண்டும் என்று அங்கிருந்த புரோகிதர் தமிழும் இந்தியும் கலந்து சொன்னதும், எங்கள் கூட்டத்தின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டுமே! ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் பாகற்காயை விட்டார்கள். ஒருவர் நூல்கோலை விட்டார். எங்கள் எதிர்வீட்டு அம்மாள், வாழ்நாளில் வாயில் வைத்திராத கிவிப் பழத்தை விட்டார். என்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் விட்டது பலாப்பழம். சர்க்கரை வந்த நாளிலிருந்து அதை டாக்டர் ஏற்கனவே விடச் சொல்லியிருந்தார்.

இவர் முறை வந்தது. “காபி” என்றார்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. புரோகிதருக்கே புரியவில்லை. “காய், பழம்தான் விடறது” என்றார்.

“காபியும் பழத்துக்குள்ள இருக்கிற கொட்டைதானே?” என்றார் இவர்.

இவருக்கும் காபிக்கும் உள்ள உறவு தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். காலையில் முதல் டிகாக்‌ஷன் இவருக்கு. இரண்டாவது டிகாக்‌ஷனில் விருந்தாளிகளைச் சமாளித்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்றே, என் அம்மா கொடுத்த காபியில் சிக்கரி அதிகம் என்று என்னிடமே சொன்னவர். சுபா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஃபிளாஸ்க்கோடு நின்றவர்.

எல்லோரும் பந்தா என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்றதால் அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

“சுபாவுக்கு ஒண்ணு நல்லபடியா பொறந்துடட்டும்.”

சுபாவுக்கு அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டு முறையும் நானும் அவளும் கட்டிப்பிடித்து அழுதோம். இவரோ, தண்ணீர் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அந்த வாரங்களில் எங்கள் தொட்டியை அவர் பார்த்த அளவுக்கு இந்தத் தெருவில் யாரும் எந்தத் தொட்டியையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“சுபாகிட்ட சொல்லாதே” என்றார் ரயிலில். சரி என்றேன்.

ஊர் திரும்பியதும் ஒரு வாரம் தலைவலி என்று படுத்தார். வண்டியில் குளிர்காற்று பட்டுவிட்டது என்று அவரே முடிவும் செய்துகொண்டார். அதன் பிறகு ஆள் மந்தமாகிவிட்டார். டிபன் சாப்பிட்டு முடித்ததும் பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு தூங்குவார். ஆனால் காபியைத் தொடவில்லை. நான் எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே ஆற்றி ஆற்றிக் குடித்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சில மாதங்களில் சுபா உண்டானாள். இவர் ஃபில்டரைக் கழுவித் துடைத்து, பரணில் ஏற்றிவிட்டார். நான் அன்று முதல் இன்ஸ்டன்ட் காபிக்குத் தள்ளப்பட்டேன்.

முழித்துக்கொண்டிருக்கும் பழம்

மாப்பிள்ளை பிரசாத்துக்கு சிறுசேரியில் வேலை. ஆபீஸ் வேலையாக பிரேசிலுக்குப் போய் வந்தவர், மாமனார் எந்நேரமும் தூங்கி வழிகிறாரே என்று ஒரு டப்பா வாங்கிவந்தார்.

“காபியும் இல்ல, டீயும் இல்ல மாமா. அமேசான் காட்டுல ஆதிவாசிங்க வேட்டைக்குப் போறப்ப சாப்பிடுவாங்களாம். பசிக்காது, அசதி தெரியாது. என்கூட வேலை செய்றவர் தினமும் குடிக்கிறார். சும்மா எனர்ஜி பவுடர்.”

மாப்பிள்ளை கையால் வந்தது. வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கம் நம் வீடுகளில் ஏது? டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அவர்கள் ஊர் பாஷை. எங்களுக்குப் புரிந்த ஒரே வார்த்தை ‘நேச்சுரல்’. அதுவே போதும் என்று தோன்றிவிட்டது.

அந்தப் பழத்தின் படத்தைப் பிரசாத் போனில் காட்டினார். கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். பழுத்ததும் தோல் வெடித்து, உள்ளே வெள்ளைச் சதையும் நடுவில் கறுப்புக் கொட்டையும் தெரிகிறது. ஒரு கொத்து முழுக்கக் கண்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, முழிச்சிகினு கீது? இத்தப் போயி துன்னுவாங்களா?” என்றாள்.

அந்தக் கொட்டையை வறுத்து அரைத்த பொடிதான் டப்பாவில். வெளிர்ப் பழுப்பு நிறம். வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாயில் போட்டால் முதலில் கசப்பு, பிறகு நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கு பிடித்துக்கொள்ளும். இவர் அதை வெந்நீரில் கலக்கி, கொஞ்சம் வெல்லம் போட்டு, முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். கஷாயம் குடித்து வளர்ந்த உடம்பு, கசந்தால்தான் மருந்து என்று நம்பும்.

நாலே நாளில் ஆள் மாறிவிட்டார். விடிவதற்குள் எழுந்து ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருவார். வந்ததும் பரணை ஒழிப்பார். ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்து பாட்டில்களில் போட்டார். குடியிருப்போர் சங்கத்துக்குத் தெருவிளக்கு பற்றி ஒரு மனு, குப்பை வண்டி பற்றி ஒரு மனு. பதில் வருவதற்குள் அடுத்த மனு.

செல்வி ஒருநாள் துடைப்பத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். “மாடிய சார் பெருக்கிட்டாரு. பாத்திரத்த சார் கழுவிகினு கீறாரு. எனிக்கி வேலை கீதா இல்லியா, சொல்லிடும்மா.”

“காபியை விட்டதுக்கு சாமியே பார்த்து வேற ஒண்ணு குடுத்துட்டார் பாத்தியா?” என்பார் என்னிடம். எனக்கும் அந்தப் பொடி பிடித்துத்தான் இருந்தது. பரணை ஒழிக்கச் சொல்லி எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

மூலிகைதானே

வளைகாப்பு முடிந்து சுபா எங்களோடு வந்துவிட்டாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. அவளும் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், காபி இல்லாமல் கண் திறக்காது. ஆனால் இந்த முறை டாக்டர் “கொறைச்சுக்கோங்க” என்று சொன்ன அன்றே பயந்துபோய் முழுக்க நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிடும். இவர் அதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் பாலில் அரை ஸ்பூன் பொடியைப் போட்டு, வெல்லம் கலந்து, ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

“என்னப்பா இது?”

“குடிம்மா. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது.”

நானும் அங்கேதான் இருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்போம். மாத்திரைக்குப் பின்பக்கம் என்ன போட்டிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்போம். இலை, வேர், கொட்டை என்று சொல்லிவிட்டால் வாயைத் திறந்துவிடுவோம். அன்றிலிருந்து தினம் மத்தியானம் அவளுக்கு ஒரு டம்ளர் பால் போயிற்று. சில நாள் சாயங்காலம் இன்னொன்று.

அவளுக்குத் தூக்கம் சரியில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னாள். பிரசவம் நெருங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று நான் என் பெரிய அனுபவத்தை எடுத்துவிட்டேன்.

மறுபடி டாக்டர் அறை

அந்தப் படபடப்பையும் சொல்லத்தான் அன்று போயிருந்தோம். காபி எவ்வளவு குடிக்கிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். சுத்தமாக நிறுத்திவிட்டேன், அப்பா கொடுக்கும் ஹெர்பல் பொடி மட்டும்தான் என்றாள் சுபா. அங்கேதான் முதல் பெஞ்ச் பையன் கையைத் தூக்கினான்.

டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தார். போனில் ஏதோ தேடிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“சார், காபில எது இருக்குன்னு இவங்கள கொறைக்கச் சொன்னேனோ, அதேதான் இதுலயும் இருக்கு. கஃபீன். காபிக்கொட்டைய விட ஜாஸ்தியாவே இருக்கு.”

“இது மூலிகை டாக்டர்.”

“காபியும் செடில காய்க்கிறதுதான் சார்.”

கயாவில் ஆலமரத்தடியில் இவர் அடித்த அதே பாயின்ட்.

சுபாவை உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தார் டாக்டரம்மா. “இப்போதைக்கு பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா வயிறு மாசத்துக்குக் கொஞ்சம் சின்னதா தெரியுது. பொடிய இன்னியோட நிறுத்திடுங்க. அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்து, குழந்தையோட வளர்ச்சியப் பார்த்துட்டுப் பேசுவோம்.”

வீடு வரும்வரை ஆட்டோவில் டப்பா இவர் மடியில்தான் இருந்தது. இறங்கியதும் முருங்கைமரத்தடியில் கொட்டப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். மரத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கடைசியில் அது குப்பை வண்டிக்குப் போயிற்று.

அது வேற இடம்

மறுநாளே இவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெற்றி வெடிக்கிறது என்றார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நிறுத்தினால் கொஞ்ச நாள் தலைவலி இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“குடுத்த வாக்க மீறிட்டேன் கமலா. விட்டேன்னு சொல்லிட்டு மாசக்கணக்கா குடிச்சிருக்கேன். அது போதாதுன்னு என் கையாலயே கலந்து அவளுக்கும் குடுத்திருக்கேன்.”

பிரசாத் போனில் சமாதானம் சொல்லிப் பார்த்தார். “மாமா, டெக்னிக்கலா நீங்க காபி குடிக்கவே இல்ல.” இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை போனை இவர் பாதியில் விட்டது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து, தலைக்கட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார். அங்கே மலைக் குகைக்குள் நரசிம்மர். தீபாராதனையின்போது பட்டர் நாமத்தை லேசாக விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுவார். எல்லோரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அதைப் பார்க்கவே அவ்வளவு தூரம் வந்த இவர் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கூட்டம் குறைந்ததும் பட்டரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். காசி, காபி, பிரேசில், மூலிகை, மகள். பட்டர் துளசியை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“காசில விட்டதுக்கு நான் இங்கே என்ன சொல்றது? அது வேற இடமாச்சே.”

முப்பது வருஷத்துக்கு மேலாக அரசாங்க ஆபீஸில், ‘அது வேற செக்‌ஷன்’ என்று சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் என் வீட்டுக்காரர். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது, வாய் வரைக்கும் வந்த கேலியை விழுங்கிக்கொண்டேன்.

பட்டருக்கே மனசு கேட்கவில்லை. துளசியைக் கையில் கொடுத்து, “பெருமாளைச் சேவிச்சுட்டேளோல்லியோ? மலையை ஒரு சுத்து சுத்திட்டு, ஆத்துக்குப் போய்ப் படுங்கோ. உங்களைப் பார்த்தா ஜுரம் அடிக்கறாப்ல இருக்கு” என்றார்.

சுற்றினார். வாசலில் பூ விற்ற அம்மாள் கூட, “இன்னா சார், தலையில துண்டு கட்டிகினு இந்த வெயில்ல? ஓரமா குந்து சார்” என்றாள். உட்காரவில்லை. துளசியை மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்து, வீட்டுக்கு வந்து சுபாவிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சுபா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

“நானும்தான் பொடி குடிச்சேன். நிறுத்தினதும் நல்லா தூங்கறேன். அப்பா ஏம்மா இப்படிக் கிடக்கறார்? எங்கிட்ட என்ன மறைக்கறீங்க? குழந்தைக்கு ஏதாவதுன்னு டாக்டர் தனியா சொன்னாங்களா?”

அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. கயாவில் நடந்ததைச் சொன்னேன். மொட்டை மாடித் தொட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

அவள் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், அப்பாவின் துண்டை அவிழ்த்துவிட்டு, நெற்றியில் தேய்த்தாள். இவர் கண்ணைத் திறக்காமலேயே, “குனியாதம்மா, வயித்தைப் பார்த்து” என்றார்.

தையல் மெஷின்

ஸ்கேன் நாள் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்? இன்னொரு முறை அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழ என்னால் முடியாது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா படங்களைப் பார்த்தார். “வளர்ச்சி சரியா இருக்கு. எடையும் மாசத்துக்குத் தகுந்த மாதிரிதான். கவலைப்பட வேண்டாம்” என்றார். நான் சுபாவின் கையைப் பிடித்தேன். இவர் கதவருகே நின்றபடி, யாரோ வேறு குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“டாக்டர், குழந்தையோட ஹார்ட் பீட் அப்பா கேக்கலாமா?” என்றாள் சுபா.

இவர் பதறிப்போய், “நான் எதுக்கும்மா, நான் வெளியில இருக்கேன்” என்று நகர்ந்தார். “வாங்க சார்” என்றார் டாக்டரம்மா.

சுபா படுத்திருந்தாள். ஒரு சின்னக் கருவியை அவள் வயிற்றின் மேல் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார்கள். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டது. அறை முழுக்க, யாரோ தையல் மெஷினை வேகமாக மிதிக்கிற மாதிரி, விடாமல், ஒரே சீராக.

இவர் முகம் வெளுத்துவிட்டது.

“டாக்டர், இவ்வளவு வேகமா அடிக்குதே! அந்தப் பொடிதானே? இன்னும் உள்ள இருக்கா?”

“பொடியெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார். எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவு வேகமாதான் அடிக்கும். இது ரொம்ப நல்லா இருக்கு.”

“எல்லாக் குழந்தைக்குமா?”

“ஆமா சார்.”

“சுபாவுக்கும் இப்படித்தான் அடிச்சிருக்குமா?”

“அடிச்சிருக்கும்.”

கொஞ்ச நேரம் நின்று கேட்டார். டாக்டரம்மா கருவியை எடுத்ததும், “இன்னொரு தரம் வைக்கிறீங்களா?” என்றார். வைத்தார்கள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணாடிக்குக் கீழே கோடாக வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

சுபா படுத்தபடியே தலையைத் திருப்பினாள். “அப்பா, அழறீங்களா?”

“சேச்சே. தலைவலிம்மா. விடவே மாட்டேங்குது.”

தலைவலி போய் இரண்டு மூன்று நாளாகியிருந்தது. தைலத்தை அலமாரியில் எடுத்து வைத்தவளே நான்தான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“ஆமா டாக்டர். ஒரு வாரமா பாவம், அவருக்குத் தலைவலி” என்றேன்.